ஒரு தராசும் ஒரு கட்டுரையும் நீங்கலாக

சிவமயம்

கரவெட்டி,
19.09.1993

கனடாவில் வாழும் அன்பு மச்சான் தவராசாவுக்கு,

அத்தான் பொன்னம்பலம் எழுதிக்கொள்வது. நானும் உம்முடைய அக்கா பூரணமும் அம்மன் காவலில் சுகமாக இருக்கிறோம். இங்கே ஒரு குறையும் இல்லை. (இந்த இரண்டு வரியும் அக்கா அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அதன் பிறகு அவ விறகு பொறுக்கப் போய்விட்டா. ஆகவே இனி வருவதெல்லாம் என்னுடைய சொந்தச் சரக்கு.) உம்முடைய சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, அனுப்பிய படத்தில் கண்டோம். கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு நிற்கிறீர். கார்தான் உம்மில் சாய்ந்து நிற்கிறது என்று நான் சொல்லப்போய், அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

முதலில் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உம்மிடம் ஒரு உதவி கேட்டுத்தான் இந்தக் கடிதம். நெஞ்சைப் பிடிக்காதேயும், காசு கேட்கவில்லை. கனடாவுக்குப் போன நாள் தொட்டு இன்றுவரை எங்களுக்கு நீர் எந்த உதவியும் செய்யவில்லை என்று உம்முடைய கைப்பட ஒரு உறுதிக்கடிதம் எழுதி, அங்கே உள்ள ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து, கெதியாக அனுப்பிவிட வேண்டும். உண்மையை எழுதச் சொல்லித்தான் கேட்கிறேன், ஆனபடியால் உமக்கு வில்லங்கம் ஒன்றும் வராது. அது வந்து சேர்ந்தால் எங்களுடைய நிவாரண அட்டை திரும்பக் கிடைக்கும். வராவிட்டால், இடம்பெயர்ந்த சனத்துக்கென்று சங்கக்கடையில் கொடுக்கிற அரிசியும் மாவும் பருப்பும் எங்களுக்கு இல்லை. வேறு வருமானமும் எங்களுக்கு இல்லை. இது உமக்குத் தெரிந்திராது, ஏனென்றால் நாங்கள் எழுதியதில்லை.

காரணத்தை இனிச் சொல்கிறேன். கடதாசிக்கு இங்கே தட்டுப்பாடு. அடிக்கடி பந்தி பிரித்தால் இடம் வீணாகும் என்று மூச்சு விடாமல் எழுதப்போகிறேன், நீரும் மூச்சு விடாமல் வாசியும். உம்முடைய உடம்புக்கு அது கொஞ்சம் சிரமம்தான்.

தெல்லிப்பழையில் நான் எப்படி இருந்தேன் என்பது உமக்கு நினைவிருக்கும். சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை, காலையில் சைக்கிளில் வருகிற மயிலிட்டி மீன், மத்தியானம் உம்முடைய அக்காவின் கைப்பக்குவம். லொறிக்காரர் எனக்கு 'மூட்டை ஐயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நிறுக்கிற தராசுக்கும் எனக்கும் நடுவில் எது சீமெந்து என்று தெரியாமல் தடுமாறுவதாகச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். நல்லாய்ச் சாப்பிடுகிற மனிதனுக்குப் பகிடியைத் தாங்கத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்து, ஒரு சைக்கிளும் ஒரு உரப்பையுமாக இங்கே கரவெட்டிக்கு வந்த பிறகு அந்த உடம்பு ஒரு வருடத்தில் கரைந்துபோயிற்று. சேட்டுக்குள்ளே நான் இருக்கிறேனா என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஊரே அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த வருடம் சித்திரை மட்டில் ஒரு அதிசயம் நடந்தது. முதலில் கால். பின்னேரமானால் செருப்பு வார் காலில் பதிந்து தடம் போட்டது. பிறகு முகம். காலையில் எழும்பினால் கண் இரண்டும் உள்ளே போய், கன்னம் மேலே வந்து, கண்ணாடியில் பழைய ஸ்டோர் கீப்பர் தெரிந்தார். அதன் பிறகு வயிறு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தெல்லிப்பழையிலிருந்து எங்களோடு வரமுடியாமல் நின்றுபோன ஒன்று, மூன்று வருடம் கழித்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மரவள்ளிக்கிழங்கும் முருங்கையிலைக் கஞ்சியும் தவிர வேறொன்றும் உள்ளே போவதில்லை, அதிலேயே இப்படி ஊதுகிறதென்றால் அது எங்கள் பரம்பரை உடம்பின் மகிமை என்று சந்தியில் நின்று பெருமை பேசினேன். உம்முடைய அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். அவ உமக்கு எழுதிய கடிதம் எனக்குப் பாடம்: "அன்புத் தம்பிக்கு, இங்கே ஒரு குறையும் இல்லை. அத்தான் திரும்ப நல்லாய் உடம்பு வைத்திருக்கிறார். நீ எங்களைப் பற்றி யோசிக்காதே." நீரும் யோசிக்கவில்லை. ஆனால் என்னுடைய உடம்பைப் பற்றி மட்டும் யோசித்து, ஆளை நிறுக்கிற ஒரு தராசும், உயரத்துக்கு எத்தனை றாத்தல் நிறை இருக்க வேண்டும் என்கிற அட்டவணை ஒன்றும், பருமனால் சமூகத்துக்கு வருகிற கேட்டைப் பற்றிய ஒரு கட்டுரையும் அனுப்பி வைத்தீர். எல்லாரையும் நிறுத்து அட்டவணையை நிரப்பி அனுப்பும்படி ஒரு உத்தரவு வேறு.

அந்தத் தராசு வந்து சேர்ந்த கதை தனிக்கதை. தங்கச்சியின் மகளின் கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போன குணலட்சுமி ரீச்சர்தான் உம்முடைய பொதியை வாங்கிக்கொண்டு வந்தா. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிசி. வவுனியாவில் ஆமிக்காரர் பொதியை அவிழ்த்தார்களாம். தட்டையாக, வட்டமாக, நடுவில் கண்ணாடியும் உள்ளே ஸ்பிரிங்கும். மற்றதை அவ சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் சொன்னன், பயப்பிடாதேங்கோ தம்பி, இது ஒண்டும் செய்யாது, மேலை மிதிச்சால் முள்ளு ஓடும் எண்டு. மிதிச்சால் எண்ட சொல்லைக் கேட்டதுதான் தாமதம், முழுப்பேரும் மண்மூட்டைக்குப் பின்னாலை. வெளியிலை நானும் தராசும். பிறகு அங்கையிருந்து ஒருத்தன் கத்திறான், நீயே ஏறி மிதி எண்டு. ஏறினன் ஐயா. என்ரை சீவியத்திலை அப்பிடி ஒரு சோதனை நான் எழுதினதில்லை. முள்ளு ஓடி நிண்டுது. நானும் நிண்டன்."

அதன் பிறகு ஆமிக்காரர் ஒவ்வொருவராக வரிசையில் வந்து தங்களை நிறுத்துப் பார்த்தார்களாம். ஒருத்தன் போன மாதத்தைவிடக் கூடிவிட்டேன் என்று கவலைப்பட்டானாம். கடைசியில் தராசைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ரீச்சர் தனக்கென்று கொண்டுவந்த இரண்டு சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கே கொண்டுவரக் கூடாத சாமான்களின் தடைப்பட்டியலில் சவர்க்காரம் இருக்கிறது. தராசு இல்லை. தமிழன் குளிக்கக் கூடாது, ஆனால் எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரையை வாசித்தேன். வாசித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. ஆனால் என்னுடைய வாய் உமக்குத் தெரியும், அது மற்ற உறுப்புகள் மெலிந்த காலத்திலும் மெலியவில்லை. கட்டுரையைத் தமிழாக்கி, 'பருமனும் சமூகமும்' என்று தலைப்புப் போட்டு, வாசிகசாலையில் ஒரு ஞாயிறு பின்னேரம் சொற்பொழிவு வைத்தேன். எங்களுடைய சனத்துக்குத் தின்ன இல்லாவிட்டாலும் சொற்பொழிவு வேண்டும். தலைமை, வாசிகசாலைச் செயலாளர் தம்பிஐயா அண்ணை. எங்களுக்குப் பக்கத்து வளவு. நிவாரணக் குழுவிலும் ஒரு ஆள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால் எது கம்பி எது மனிதன் என்று அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். நான் எழும்பி நின்று, கனடாவிலும் அமெரிக்காவிலும் பருத்தவர் தொகை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டு போகிறதென்றும், அவர்களுடைய இருதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் முழங்காலுக்கும் அரசாங்கம் கொட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறதென்றும், வேலைக்கு வராமல் நிற்பதனால் நாட்டுக்கு நட்டமென்றும் விளாசினேன். அங்கே ஒரு மனிதனை மெலிய வைப்பதற்கு டாக்குத்தர் வேண்டும், மருந்து வேண்டும், ஓடுகிற இயந்திரம் வேண்டும். இங்கே கொழும்பிலிருந்து தடைச் சாமான்களை அடுக்கி அரசாங்க வர்த்தமானி ஒன்று வந்தால் போதும், ஏழெட்டு லட்சம் பேரும் ஒரே நாளில் பத்தியம். இந்தச் சிக்கனத்தை உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்றேன். பின்வரிசை வாங்கிலில் இருந்த ஒரு கிழவர் கை உயர்த்தினார்.

"தம்பி, அங்கை மெலியிறதுக்கு ஆக்கள் காசு குடுக்கினமோ?"

"ஓம், அம்மான்."

"அப்ப எங்களுக்கு ஏன் இன்னும் ஒருத்தரும் பில் அனுப்பேல்லை?"

சபை சிரித்தது. சிரிப்பை அவர் கொண்டுபோனது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுரையில் இல்லாத ஒரு வசனத்தை அந்த இடத்திலேயே சொந்தமாகச் செய்து எடுத்துவிட்டேன்: "பருத்த மனிதன் தன் பங்கை மாத்திரம் உண்பவன் அல்லன், அவனுடைய இடுப்பைச் சுற்றியிருப்பது அயலவனின் சோறு." கைதட்டினார்கள், மச்சான். தட்டிக்கொண்டே எல்லாரும் என்னுடைய இடுப்பைப் பார்த்தார்கள். சொற்பொழிவில் லயித்துப்போய்ப் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை முழுக்க எங்களுடைய வீடு ஆஸ்பத்திரி மாதிரி. தராசில் ஏறாத ஆள் ஊரில் இல்லை. ஏறுவார்கள், முள்ளைப் பார்ப்பார்கள், இறங்கிச் செருப்பைப் போடுவார்கள். தராசு பிழையென்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். நான் ஏறினால் மட்டும் முள் கௌரவமாக ஓடி நூற்று எண்பத்தாறில் நிற்கும். அட்டவணைப்படி என்னுடைய உயரத்துக்கு இது இருபத்தாறு றாத்தல் கூட. அந்த இருபத்தாறையும் நான் ஏதோ பரீட்சையில் எடுத்த புள்ளி மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உம்முடைய அக்கா மட்டும் ஏறவில்லை. அட்டவணையில் அவவின் பெயருக்கு நேரே வெறுமையாகக் கிடந்தது. நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நானென்ன செத்தல் மிளகாயே, தட்டிலை வைச்சு நிறுக்கிறதுக்கு? அங்காலை போங்கோ."

"தம்பி கேட்டு எழுதியிருக்கிறான்."

"நான் நல்லாயிருக்கிறன் எண்டு எழுதுங்கோ. அவனுக்கு அது காணும்."

இப்படி இருக்கையில்தான் ஓகஸ்ட் கடைசியில் சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கிற அன்று, வரிசையில் நின்ற என்னை, எங்கள் பகுதிக்கு அட்டை எழுதுகிற விதானையார் முருகேசு முன்னுக்குக் கூப்பிட்டார். பொல்லாத மனிதர் இல்லை. சட்டைப்பைக்குள் எப்போதும் நாலு பேனை வைத்திருப்பார், ஒன்றிலும் மை இருக்காது. அவருடைய மேசையில் ஒரு பெட்டிசம் கிடந்தது. எங்களுடைய பகுதியின் மகத்துவம் உமக்குத் தெரியும்: மருந்து வராது, மண்ணெண்ணெய் வராது, பெட்டிசம் மட்டும் ஒரு நாளும் தடைப்படாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சனம் கேட்க, வாசிக்கத் தொடங்கினார்.

"'பசியால் வாடும் ஒரு சமூகத்தில் பருமன் என்பது தனிமனித விவகாரம் அன்று, அது பொதுச் சொத்தின் விரயம்.'"

நல்ல வசனமென்று தலையாட்டினேன். யாரோ விஷயம் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"'பருத்த மனிதன் தன் பங்கை மாத்திரம் உண்பவன் அல்லன், அவனுடைய இடுப்பைச் சுற்றியிருப்பது அயலவனின் சோறு.'"

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அது என்னுடைய வசனம். சொற்பொழிவை எழுத்துக்கு எழுத்து இறக்கி, கடைசியில் இரண்டு வரி மட்டும் சொந்தமாகச் சேர்த்திருந்தது: மேற்படி பொன்னம்பலம் என்பவர் கனடாவிலுள்ள மைத்துனரின் பணத்தில் பருத்து வருகிறார், எனவே அவருடைய அட்டையை நீக்கி உண்மையில் பசித்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு வழங்க வேண்டும். இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி.

"இது என்ரை சொற்பொழிவு, விதானையார்," என்றேன்.

"அப்ப நீங்களும் ஒத்துக்கொள்ளுறியள்."

"நான் சொன்னது கனடாவிலை இருக்கிறவையை."

"மைத்துனர் அங்கைதானே இருக்கிறார்? படமும் பார்த்தனாங்கள். அக்கா எல்லாருக்கும் காட்டினவ. கார் ஒண்டு நிக்குது."

"காரிலை நிக்கிறவன் காசு அனுப்புறவன் எண்டு சட்டமோ?"

"சட்டத்தை விடுங்கோ. அவர் என்ன அனுப்பினவர்? சொல்லுங்கோ பாப்பம்."

"ஒரு தராசும் ஒரு கட்டுரையும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. இரண்டு பெண்பிள்ளைகள் மூக்கைச் சீறிச் சீறிச் சிரித்தார்கள். விதானையார் சிரிக்கவில்லை. "அப்ப அந்தத் தராசைக் கொண்டுவாங்கோ, பொன்னம்பலத்தார். ஆரும் என்னை அநியாயக்காரன் எண்டு சொல்லக்கூடாது, எல்லாரும் பாக்க நிறுப்பம்" என்றார். நானே வீட்டுக்குப் போய், நானே என்னுடைய சைக்கிள் கரியரில் கட்டி, நானே கொண்டுவந்து, மாச் சாக்குகளுக்கு நடுவில் வைத்து ஏறி நின்றேன். வாழ்நாள் முழுக்கச் சாக்கை நிறுத்தவன், கடைசியில் சாக்குகள் பார்த்துக்கொண்டிருக்க நின்றேன். முள் நூற்று எண்பத்தெட்டுக்குப் போனது. போன கிழமையைவிட இரண்டு கூட. முன்வரிசையில் நின்ற ஒரு மனிசி, அவவை எனக்கு முன்பின் தெரியாது, "இவருக்கு ஏன் மா?" என்று மெல்லமாய்த்தான் கேட்டா. விதானையார் அட்டையை வாங்கி, மை உள்ள பேனை ஒன்றை அடுத்தவரிடம் இரந்து எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். "மைத்துனர் ஒண்டும் அனுப்பிறேல்லை எண்டு அவரே எழுதித் தந்தால் திரும்ப யோசிப்பம்."

யார் எழுதியதென்று எனக்கு விளங்காமல் இல்லை. சொற்பொழிவைக் கேட்கக் கேட்க எழுதி வைத்திருந்தவர் ஊரில் ஒரே ஒருவர், வாசிகசாலைச் செயலாளர். வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். தம்பிஐயா அண்ணை வந்தார், மறைக்கவும் இல்லை.

"ஓம், நான்தான் எழுதினனான். கையெழுத்து வைக்க வெக்கமாக் கிடந்துது."

"ஏன் அண்ணை? உங்களுக்கு நான் என்ன செய்தனான்?"

"நீர் ஒண்டும் செய்யேல்லை. என்ரை வளவுக்குள்ளை மயிலிட்டியிலையிருந்து ஓடிவந்த சனம் பதினொரு பேர் இருக்குதுகள். கைக்குழந்தை ஒண்டு. அட்டை கேட்டால் பட்டியல் நிரம்பிப்போச்சாம், ஆரையும் வெட்டினால்தான் ஏலுமாம். ஆரை வெட்டச் சொல்லுறது? எல்லாம் எலும்பு. உம்மைப் பாக்க மட்டும்தான் வெட்டலாம் போலை இருந்துது."

"வசனத்தையாவது மாத்தியிருக்கலாம்" என்றேன். "நல்ல வசனம், மாத்த மனம் வரேல்லை" என்றார். ஒரு எழுத்தாளனுக்கு அதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும். மயிலிட்டி மீனைத் தின்று வளர்த்த உடம்பை மயிலிட்டிச் சனத்துக்காக வெட்டியிருக்கிறார்கள், அதிலும் ஒரு நீதி இருக்கிறதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நீதியைக் கரைத்துக் குடிக்க முடியாது. அட்டை போய் மூன்று கிழமை. அக்காவுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை, விதானையார் ஏதோ எழுத்துப்பிழை திருத்துவதற்கு அட்டையை வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவ நம்பியதாகக் காட்டிக்கொள்கிறா.

ஆகையால் கீழே உள்ளதை உம்முடைய கையெழுத்தில் பிரதி பண்ணி அனுப்பும். உமக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதித் தருகிறேன்:

'கனடாவில் வசிக்கும் தவராசா ஆகிய நான் இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில், என்னைச் சிறுவயது முதல் மடியில் இருத்திச் சோறு தீத்தி வளர்த்த தமக்கையார் பூரணத்துக்கும் அவர் கணவருக்கும், நான் நாட்டை விட்டு நீங்கிய நாள் தொட்டு இற்றைவரை, ஒரு தராசும் ஒரு கட்டுரையும் நீங்கலாக, யாதொரு பொருளும் அனுப்பியவன் அல்லன். அத்தானின் பருமனுக்கு நான் எவ்வகையிலும் பொறுப்பாளி அல்லன். என்னுடைய பருமனுக்குத் தமக்கையாரே முழுப் பொறுப்பாளி.'

கடைசி வசனம் அதிகப்படி என்று தோன்றினால் விட்டுவிடலாம். ஆனால் உண்மை. நீர் சாப்பிட மாட்டேன் என்று ஓடுவீர், அவ கோப்பையோடு வளவு முழுக்கத் துரத்துவா. இதையெல்லாம் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. குத்திக்காட்டுவதற்காகத்தான் எழுதினேன், ஆனால் உம்மை இல்லை. கேட்காத வாய்க்கும் எழுதாத கைக்கும் நீர் என்ன செய்வீர்.

நீரும் மனைவி பிள்ளைகளும் நோய் நொடி அணுகாமல், கொழுப்பும் சீனியும் அளவோடு நின்று, நீண்ட காலம் வாழ அம்மனை வேண்டுகிறேன். மாடிப்படி ஏறும்போது கவனம். பிள்ளைகளுக்கு எங்களுடைய முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
க. பொன்னம்பலம்
(நூற்று எண்பத்தெட்டு றாத்தல்)

பின்குறிப்பு
17.10.1993

மச்சான், இந்தக் கடிதத்தைக் கொழும்பில் தபாலில் போடுவதற்குக் கொண்டுபோக இருந்த குணலட்சுமி ரீச்சரின் பயணம் தள்ளிப்போயிற்று. கிளாலிப் பக்கம் சண்டை, ஏரியைக் கடக்கிற வள்ளம் ஓடவில்லை. கடிதம் கூரை முகட்டில் செருகிக் கிடந்தது. அதனால் இதைச் சேர்க்கிறேன்.

உறுதிக்கடிதம் தேவையில்லை. எழுதத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடும்.

கடிதம் எழுதி இரண்டாம் நாள், வாசற் படலை வரைக்கும் நடந்துவிட்டு மூச்சு வாங்கி இருந்துவிட்டேன். ரீச்சர் கண்டுவிட்டு, உங்கடை கால் எனக்குப் பிடிக்கேல்லை என்று பள்ளிக்கூடத்தில் மருந்து கொடுக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனா. ஒரு இளம் டாக்குத்தர்ப் பிள்ளை. என்னுடைய பரம்பரை உடம்பைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை என்னுடைய கணைக்காலில் பெருவிரலை வைத்து அமத்தி எடுத்தது. குழி அப்படியே நின்றது. பிட்டு மாவில் விரல் வைத்த மாதிரி. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழி மூடவில்லை.

"ஐயா, இது கொழுப்பில்லை, தண்ணி. கடைசியா மீன் எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"தொண்ணூறாம் ஆண்டு."

"முட்டை? பருப்பு?"

"பருப்பு அட்டைக்குக் கிடைச்சது. மனிசி அதை மண்ணெண்ணெய்க்கு மாத்திப்போடும்."

"சத்தில்லாமல் வீங்கியிருக்கிறியள். உங்களை ஆர் பருத்த ஆள் எண்டு சொன்னது?"

சொல்லாத ஆளைக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுகமாக இருந்திருக்கும். முதலில் சொன்னது நான்தான். அந்தப் பிள்ளை குளிசையும் தந்து, கையிலிருந்த சத்துமாப் பொதியும் தந்து, விதானையாருக்கு ஒரு துண்டும் எழுதித் தந்தது. மூன்று கிழமையில் என்னிலிருந்து ஒரு கிணறு இறங்கிப்போயிற்று. நேற்றுச் சங்கக்கடையில் திரும்பவும் நிறுத்தார்கள், நூற்று நாற்பத்தொன்பது. விதானையார் எழும்பி நின்று, "மன்னிக்கவேணும், பொன்னம்பலத்தார், நீங்கள் பருத்தவர் எண்டு நினைச்சுப்போட்டன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லி அட்டையைத் தந்தார். எங்களுக்குத் தந்ததால் யாருடைய அட்டையில் கோடு விழுந்ததென்று நான் கேட்கவில்லை. வேலியடியில் தம்பிஐயா அண்ணை ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு மேலால் நீட்டினார். வாங்கினேன். உம்முடைய கட்டுரைக்காரருக்கு எழுதும்: கரவெட்டிப் பகுதியில் பருமன் முற்றாக ஒழிந்துவிட்டது, சமூகத்துக்கு இனிச் செலவில்லை.

டாக்குத்தர்ப் பிள்ளை வீட்டில் வேறு யார் இருக்கிறது என்று கேட்டது. பட்டினி இரண்டு வகையாம், சிலரை ஊத வைக்கும், சிலரைக் காய வைக்கும். ஒரே பானையில் சாப்பிடுகிற இரண்டு பேரில் இரண்டும் நடக்குமாம். அக்காவையும் நிறுத்து எழுதி அனுப்பச் சொல்லிற்று. நேற்றுப் பின்னேரம், டாக்குத்தர் கேட்டது என்றவுடன் அவ மறுக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கோயில் படியில் ஏறுகிற மாதிரி ஏறி நின்றா. முள் கொஞ்சம் அசைந்து நின்றது. தராசில் ஏதும் பழுதோ என்று இறக்கிவிட்டு, நான் ஏறிப் பார்த்தேன். பழுதில்லை.

உம்முடைய அட்டவணையை நிரப்பி இத்துடன் அனுப்ப நினைத்தேன். ஆனால் அது நூறு றாத்தலில் தொடங்குகிறது. அக்காவின் நிறையை எழுதுவதானால் மேல் ஓரத்துக்கும் வெளியே, கடதாசி இல்லாத இடத்தில் எழுத வேண்டும். அதனால் எழுதவில்லை. எத்தனை என்று கேட்டு எழுதாதேயும்.

கடிதத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது. அவற்றை வெட்டிவிட்டு வாசியும். இதுவரை வந்த எல்லாக் கடிதங்களிலும் வெட்டிவிட்டு வாசியும்.

இப்போது அடுப்படியிலிருந்து கேட்கிறா. "இஞ்சாருங்கோ, தம்பிக்கோ எழுதுறியள்? ஒரு குறையும் இல்லையெண்டு போட்டாச்சே?"

ஓம், போட்டாச்சு என்று சொன்னேன்.